வன்னியில் இருந்து மலைக்கு: கோடையில் சைக்கிளில் போக முழுமையான வழிகாட்டி

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தெற்கே விட்டால், அதே ஏ-9 வீதி கண்டிக்குள் கொண்டுபோய் விடும். கிளிநொச்சியில் இருந்து கண்டி ஏறத்தாழ 250 கி.மீ. அதில் முதல் 200 கி.மீ.க்கு ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குளக்கட்டைத் தவிர வேறு மேட்டைப் பார்க்காமல் வளர்ந்த எங்களுக்கு, கண்டிக்கு அப்பால் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போவது நடக்காத காரியம் போலத் தோன்றும். நடக்கும். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் என்னைக் களைக்க வைத்தது மலையை விட வெயிலும் காற்றும்தான். ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் காற்றைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்

பாதை, தங்கும் இடம், பையில் வைக்கும் உடுப்பு எல்லாமே நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்தவை. அதனால் முதல் வேலை நாட்காட்டியை எடுப்பது.

வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் வன்னியில் சோளகம் வீசும். வயலில் புழுதி கிளப்பும் இந்தக் காற்று தென்மேற்கில் கடலில் இருந்து ஈரத்தோடு வருகிறது. மத்திய மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் மிச்சம் இல்லை. இதனால்தான் ஜூலையில் அட்டனிலும் நுவரெலியாவிலும் மழை தூறிக்கொண்டிருக்க, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வெயில் எறிக்கும். ஒரே மலை, ஒரே நாள், இரண்டு காலநிலை.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரை போகிறவருக்கு இதில் இருந்து கிடைக்கும் திட்டம் இதுதான்: கண்டியைத் தாண்டிப் புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறும் ஈரமான பக்கத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிற்காதீர்கள். கண்டியில் எடுக்கும் ஒரு நாளைத் தவிர, ஓய்வு எடுப்பது, ஊர் சுற்றுவது, படம் எடுப்பது எல்லாவற்றையும் வெலிமடை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் போக வேண்டாம் என்பேன். சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் நடக்கும். வீதி முழுக்க வாகனம், அறை வாடகை பல மடங்கு. போதாததற்குப் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை. ஐப்பசி தொடங்கினால் வாடைக்காற்று மழை ஊவாவையும் நனைக்கும், வன்னியையும் நனைக்கும். கண்டிப் பெரஹரா ஜூலை, ஓகஸ்டில் வரும். அந்த நாட்களில் கண்டிக்குள் அறை கிடைப்பது கடினம் என்பதால் தேதியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

என் தெரிவு ஜூலை நடுப்பகுதி. சிறுபோக நெல் வெட்டத் தொடங்கும் முன் கமக்காரருக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும் காலம் அது.

சைக்கிள்: எல்லாம் கியரில்தான்

புதுச் சைக்கிள் வாங்க வேண்டும் என்றில்லை. ஆனால் கியர் இல்லாத சைக்கிளில் மலைக்குப் போகாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் நகரும். மூட்டையோடு மலை ஏறும்போது உங்கள் வேகம் மணிக்கு 8 கி.மீ. அளவில் இருக்கும். அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 25 தடவைதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுவதையும் பெடலில் ஏற்றி இறக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் முழங்கால் கேள்வி கேட்கும்.

முன்னால் 28 பல், பின்னால் 34 பல் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு 1.7 மீற்றர்தான் நகரும். அதே 8 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 75 முதல் 80 சுற்று. இருந்தபடியே, மூச்சு வாங்காமல், பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு மிதிக்கலாம். கடையில் சைக்கிள் பார்க்கும்போது எத்தனை கியர் என்று கேட்பதை விட, முன்னால் மிகச் சின்னச் சில்லில் எத்தனை பல், பின்னால் மிகப் பெரிய சில்லில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் உள்ள எண் முன்னால் உள்ளதை விடப் பெரிதாக இருந்தால் அந்தச் சைக்கிள் மலை ஏறும்.

ரயர் 32 மில்லிமீற்றர் அகலத்தில் இருந்தால் ஏ-9க்கும் சரி, தேயிலைத் தோட்டத்து உடைந்த வீதிக்கும் சரி. கம்பிகளை ஒருவரிடம் கொடுத்து இறுக்கிச் சரி பாருங்கள். பின் சில்லுக் கம்பி உடைவது மூட்டை ஏற்றிய சைக்கிளுக்கு வழக்கமான வருத்தம்.

பிறேக் கட்டையில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இரண்டாவது பயணத்தில் ஊர்க் கடையொன்றில் மலிவாக வாங்கிய கட்டையைப் போட்டுக்கொண்டு ஹக்கலையில் இருந்து இறங்கினேன். மூன்றாவது வளைவுக்குள் றப்பர் எரியும் மணம் வந்தது. பிடித்தால் பிடிபடவில்லை. ஒரு மரக்கறித் தோட்டத்து வேலியோரம் காலை ஊன்றி ஊன்றித்தான் நிறுத்தினேன். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் முகம் கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டிருந்தது. அரத்தாளால் தேய்த்து அந்த மினுக்கத்தை எடுத்த பிறகுதான் திரும்பவும் பிடித்தது. அன்று முதல் நல்ல கட்டை ஒரு சோடியும், கையளவு அரத்தாளும் என் பையில் இல்லாமல் நான் போவதில்லை.

மலை இல்லாத ஊரில் மலைக்குப் பழகுவது

எட்டுக் கிழமை போதும். மலைக்குப் பதிலாக எங்களிடம் சோளகம் இருக்கிறது. நீண்ட ஏற்றம் காலிடம் கேட்பது நிற்காத, மாறாத உழைப்பு. எதிர்க்காற்றும் அதையேதான் கேட்கும். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு, காற்றுக்கு எதிராக நாற்பது நிமிடம், ஒரே வேகத்தில், இடையில் நிற்காமல் ஓடுங்கள். திரும்பி வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும்; அதுதான் ஓய்வு. கிழமைக்கு மூன்று நாள் இதைச் செய்யலாம். இரணைமடுக் கட்டுப் பக்கமோ வவுனிக்குளம் பக்கமோ இருப்பவர்களுக்கு வெட்டவெளிக் காற்று தாராளம்.

ஐந்தாம் கிழமையில் இருந்து கரியரில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஓடுங்கள். பாரம் ஏற்றிய சைக்கிள் வேறு மாதிரித் திரும்பும், வேறு மாதிரி நிற்கும். அது கைக்குப் பழக வேண்டும். ஆறாம் கிழமையில் இரண்டு நாள் அடுத்தடுத்து 70 கி.மீ. ஓடிப் பாருங்கள். முதல் நாள் ஓடுவது யாருக்கும் முடியும். இரண்டாம் நாள் காலை இருக்கையில் மறுபடி உட்காரும்போதுதான் இருக்கை சரியா, ஹான்டில் உயரம் சரியா என்று தெரியும்.

அப்புறம், சைக்கிளை பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றிப்போய் மாத்தளையில் இறங்கி, அங்கிருந்து கண்டிக்கு 26 கி.மீ. ஒரு தடவை ஓட முடிந்தால் ஓடிவிடுங்கள். நடுவில் பலகடுவ வளைவுகள் வருகின்றன. முதல் மலையை அரை நாள் சோதனையாகப் பார்த்துவிட்டால், மனதில் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

நாளுக்கு நாள்: எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது

முதல் நாள் கிளிநொச்சி முதல் வவுனியா வரை, ஏறத்தாழ 75 கி.மீ. விடிய வெளிச்சம் வந்ததும் புறப்படுங்கள். காலை 9 மணி வரைக்கும் காற்று அடங்கி இருக்கும்; அதற்குள் மாங்குளம் தாண்டி இருந்தால் நல்லது. கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று நிழல் குறைந்த இடங்கள் பின்னால் வருகின்றன. இந்த வீதி 2002 பெப்ரவரியில் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்த பிறகு மறுபடி திறந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அங்கே காலை ஊன்றாமல் சைக்கிளில் கடந்து போவதே ஒரு பயணம்தான்.

இரண்டாம் நாள் வவுனியாவில் இருந்து தம்புள்ளை, 100 கி.மீ.க்குச் சற்று மேல். முழுப் பயணத்திலும் கடினமான நாள் இதுவென்று என் கணக்கு. ஏற்றம் இல்லை, ஆனால் வெயிலும் எதிர்க்காற்றும் சேர்ந்து வரும். மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவல, கெக்கிராவை என்று போகும். மிகிந்தலைக்குப் பத்து மணிக்கு முன் சேர்ந்துவிட்டால், மூன்று மணி வரை அங்கேயே படுத்துக் கிடந்துவிட்டு மிச்சத்தை ஓடலாம். ஆனால் இருட்டு முன் தம்புள்ளைக்குள் போய்விட முடியாது என்று கண்டால் கெக்கிராவையிலேயே தங்கிவிடுங்கள். இந்தப் பகுதியில் பொழுது சாயும் நேரத்தில் யானை வீதிக்கு வரும். சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. நீங்கள் வருவது யானைக்கும் தெரியாது. இருட்டில் ஓடுவதில்லை என்ற விதியை எந்த நாளிலும் மீறாதீர்கள்.

மூன்றாம் நாள் தம்புள்ளையில் இருந்து கண்டி, 72 கி.மீ. நாவுல தாண்டியதும் காற்றில் ஒரு மாற்றம் தெரியும். மரம் பெருகும், மண் சிவக்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் சற்று இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பலகடுவ ஏற்றத்தைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு அக்குறணையில் இருந்து கண்டி வரை வாகன நெரிசல். இடது ஓரத்தை விட்டு விலகாமல் மெல்லப் போக வேண்டிய இடம்.

கண்டியில் ஒரு நாள் முழுதாக ஓய்வு. இதைக் குறைக்காதீர்கள்.

ஐந்தாம் நாள் பேராதனை, கம்பளை வழியாகப் புசல்லாவை, ஏறத்தாழ 40 கி.மீ. கம்பளை வரைக்கும் சமதரை, அதன் பின் ஏற்றம். ஆறாம் நாள் புசல்லாவையில் இருந்து நுவரெலியா, அதுவும் கிட்டத்தட்ட 40 கி.மீ. வலது பக்கம் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே கிடக்க, றம்பொடை வரை மெல்ல ஏறலாம். றம்பொடை நீர்வீழ்ச்சிக்குப் பிறகு லபுக்கலை வழியாக வளைவுக்கு மேல் வளைவு. கடைசி 20 கி.மீ.யில் 900 மீற்றர் அளவுக்கு உயரம் ஏறுகிறது. அதாவது நூறு மீற்றர் போனால் நாலரை மீற்றர் உயர்கிறது. கேட்பதற்குச் சின்ன எண். இரண்டரை மணித்தியாலம் விடாமல் வரும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

முதல் தடவை நான் கியர் இல்லாத சைக்கிளில் போனதால் அந்த ஏற்றத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். றம்பொடைக்கு மேல், தகரக் கூரை போட்ட ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. கடைக்கார அம்மா என் வேர்வையைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன்.

“கிளிநொச்சியில எங்க தம்பி? தருமபுரமா?”

பக்கத்து ஊர் என்றேன்.

“என் தங்கச்சி எழுபத்தேழு கலவரத்துல அங்கதான் போனா. நீங்க சைக்கிள்ல வந்திருக்கீங்க, அவ நடந்தும் லொறியிலயும் போனா.”

இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயும் சீனி ஒரு கரண்டியும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எங்கள் ஊர்களில் நிறைய. உங்கள் அயலிலும் இருப்பார்கள். புறப்படும் முன் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். எந்தத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள், எந்தக் குறுக்கு வீதி சைக்கிளுக்குச் சரிவரும் என்று எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் அங்கே கிடைக்கும். கொண்டுபோகச் சொல்லி ஒரு பொட்டலமும் தருவார்கள். பாரம் என்று மறுக்காதீர்கள்.

ஏழாம் நாள் நுவரெலியாவில் இருந்து பண்டாரவளை, 50 கி.மீ.க்குள். சீதா எலியவில் சீதையம்மன் கோயில், அதன் பின் 1861-இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா, பிறகு கெப்பட்டிப்பொலச் சந்தி வரை நீண்ட இறக்கம். சந்தியில் வெலிமடைக்குத் திரும்ப வேண்டும். மழை மேகம் பின்னால் நின்றுவிட, ஒரு வளைவில் திடீரென்று வெயில் முகத்தில் அடிக்கும்.

அதற்குப் பிறகு உங்கள் விருப்பம். பண்டாரவளையில் இரண்டு மூன்று நாள் தங்கி, ஒரு நாள் எல்லவுக்கும் ஒரு நாள் அப்புத்தளைக்கும் போய் வரலாம். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் அப்புத்தளையைத் தெரிவு செய்யுங்கள். அங்கிருந்து டம்பத்தென்ன தேயிலைத் தொழிற்சாலை வழியாக லிப்டன் சீற் என்ற மலைக் காட்சிமுனை வரை 17 கி.மீ. அளவு. மூட்டையை அறையில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் விடிய 5.30க்குப் புறப்படுங்கள். ஒன்பது மணிக்குப் பின் முகில் மூடிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது.

ஏறும்போதும் இறங்கும்போதும்

ஏறும்போது தொடக்கத்திலேயே சின்னக் கியருக்கு மாறிவிடுங்கள். கால் கனத்த பிறகு மாறினால் பிந்திவிட்டது. பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம். கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் செங்குத்தாக இருக்கும். இடது வளைவில் அந்த உட்பக்கம்தான் உங்கள் பக்கம் என்பதால் அங்கே மட்டும் எழுந்து நின்று மிதிக்க வேண்டி வரும்.

இறங்குவதுதான் ஆபத்தான வேலை. பிறேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் றிம் சூடேறி, கட்டை மினுங்கி, எனக்கு நடந்தது நடக்கும். வளைவுக்கு முன்னால் நேரான இடத்தில் இரண்டு பிறேக்கையும் இறுக்கி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போகும்போது விட்டுவிடுங்கள். மழையில் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குக் கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும், பிடிக்காது; ஆகவே வழக்கத்தை விட முந்தியே தொடுங்கள். பஸ் பின்னால் வந்தால் போட்டி போடாமல் ஓரம் கட்டி வழி விடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், பை

வன்னிப் பகுதி வெயிலில் மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்தால் உப்பு இறங்கித் தலை சுற்றும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளான ஜீவனி ஒரு பக்கெற் எப்போதும் பையில் இருக்கட்டும். மோரும் உப்பும் கிடைத்தால் அதை விட நல்லது இல்லை. காலையில் இடியப்பமும் சொதியும், வழியில் வாழைப்பழமும் கச்சானும் பனங்கட்டித் துண்டும், இரவில் வயிறு நிறையச் சோறு. மத்தியானம் நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற்றத்தைத் தொடங்காதீர்கள்.

உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும். வவுனியாவில் 34 பாகை என்றால் நுவரெலியாவில் 22, மழை பெய்தால் அதிலும் குறைவு. வேர்த்து நனைந்த சட்டையோடு இறங்கத் தொடங்கினால் பல் கிட்டும். ஒரு நீளக்கைச் சட்டை, மெல்லிய மழை அங்கி, காதை மூடும் துணி. இறங்கும் முன் நாலாய் மடித்த பத்திரிகையைச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது. பழைய பத்திரிகை எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் கிடைக்கும்.

கரியர் மூட்டை ஏழு கிலோவுக்கு மேல் போக வேண்டாம். இரண்டு ரியூப், ஒட்டும் சொலூசனும், காற்றடிக்கும் பம், சாவிகள், ஒரு பிறேக் கேபிள், முன் பின் லைற், அடையாள அட்டை. தலைக்கவசம் கட்டாயம். அவசர அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. மலையில் மழை தொடர்ந்து இரண்டு நாள் கொட்டினால் மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள். வழியில் சிங்களம் தெரியாவிட்டாலும் ‘வத்துர’ என்றால் தண்ணீர், ‘ஹுளங்’ என்றால் காற்று. சைக்கிளைக் காட்டி இந்த இரண்டையும் சொன்னால் உதவாத கடைக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

திரும்பி வருவது

வந்த வழியே முழுவதும் ஓட வேண்டியதில்லை. சாமான் பெட்டி உள்ள ரயிலில் சைக்கிளைப் பதிந்து ஏற்றலாம். ரயில் ஓடுகிறதா, பெட்டி இருக்கிறதா என்று முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்தது மரக்கறி லொறி. வெலிமடைப் பக்கத்துக் கரட்டும் கோவாவும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறியில் போகின்றன. சாரதியிடம் பின்னேரமே பேசி வைத்தால், மூட்டைகளுக்கு மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அவர்களோடு வரலாம். செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்துக் கட்டுங்கள், கியர் வளையாது.

தம்புள்ளையில் விடியும் வரை இருந்துவிட்டு வடக்கே புறப்பட்டால், போகும்போது முகத்தில் அடித்த அதே சோளகம் இப்போது முதுகில். இரண்டு நாள் பாதையை ஒன்றரை நாளில் முடித்துவிடலாம். வீட்டுக்கு வந்த அன்றைக்கே செயினை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். மலை மழையில் நனைந்த செயினைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் ஒரு கிழமைக்குள் துருப்பிடித்துவிடும்.